பிராகில் ஒரு சனி, ஞாயிறு: மாணவர் கேள்விகளும் பதில்களும்

ஜெர்மனியின் கிழக்குப் பக்கத்தில் படிக்கும் மாணவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வெளிநாட்டுத் தலைநகரம், செக் நாட்டின் பிராக். டிரெஸ்டனிலிருந்து ரயிலில் சுமார் இரண்டேகால் மணி நேரம். கிளம்புவது எளிது என்பதாலேயே பலர் ஏற்பாட்டைக் கடைசி நாளுக்குத் தள்ளிவிடுகிறார்கள். அந்த வாரயிறுதிப் பயணம் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம்.

லைப்ஸிகிலிருந்து ஒரு முதுகலை மாணவர்: நாங்கள் நான்கு பேர். எல்லோரிடமும் டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுவதுக்குமான மாதப் பயணச் சீட்டு) இருக்கிறது. டிரெஸ்டன் வரை அதில் போய்விட்டு, அங்கிருந்து பிராகுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் காசு மிச்சமாகுமா?

மிச்சமாகும். ஆனால் அந்த மிச்சத்துக்குள் ஓர் ஆபத்து இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

டாய்ச்லாண்ட் டிக்கெட் செல்லுபடியாவது வட்டார ரயில்களிலும், எஸ்-பான் என்னும் புறநகர் ரயில், மெட்ரோ, டிராம், நகரப் பேருந்துகளிலும்தான். ஐசிஇ, ஐசி, இசி என்று தொடங்கும் நெடுந்தூர ரயில்களில் செல்லாது. லைப்ஸிகிலிருந்து டிரெஸ்டனுக்கு ஆர்இ 50 என்னும் வட்டார ரயிலில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம்; கூடுதலாக ஒரு சென்ட் செலவில்லை. டிரெஸ்டனில் நீங்கள் மாறுவது இசி ரயில். ஏறும் இடத்திலிருந்தே அதற்குத் தனி டிக்கெட் வேண்டும். எல்லைக்கு முன்னால் வரும் பாட் ஷண்டாவ் வரைக்கும்கூட டாய்ச்லாண்ட் டிக்கெட்டைக் காட்டி அதில் உட்கார முடியாது.

இப்போது ஆபத்துக்கு வருவோம். டாய்ச்லாண்ட் டிக்கெட் ஓர் ஒப்பந்தம். டிரெஸ்டனிலிருந்து பிராக் வரையிலான டிக்கெட் வேறோர் ஒப்பந்தம். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது ரயிலைத் தவறவிட்டால் இரண்டாவது டிக்கெட்டை விற்றவருக்கு அதில் பொறுப்பில்லை. மலிவாகக் கிடைக்கும் முன்பதிவு டிக்கெட் ஒரு குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே உரியது. அந்த ரயில் போய்விட்டால் நான்கு பேரும் அன்றைய முழு விலைக்குப் புது டிக்கெட் எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையில் அந்த விலை நீங்கள் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு இருக்கும்.

லைப்ஸிகிலிருந்து பிராக் வரை ஒரே டிக்கெட்டாக எடுத்தால் நிலைமை வேறு. போய்ச் சேரும் இடத்துக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தாலே, குறிப்பிட்ட ரயிலில்தான் போக வேண்டும் என்ற கட்டு ஜெர்மன் ரயில்வே டிக்கெட்டில் நீங்கிவிடும். அடுத்த ரயிலில் ஏறலாம். சேரும்போது 60 நிமிடம் தாமதம் என்றால் கட்டணத்தில் 25 சதவீதமும், 120 நிமிடம் என்றால் 50 சதவீதமும் திரும்பக் கேட்கலாம்.

எனவே வாங்குவதற்கு முன் இரண்டு விலையையும் பாருங்கள். முழுத் தூர டிக்கெட் தலைக்கு ஏழெட்டு யூரோதான் கூடுதல் என்றால் அதையே எடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் தேடலில் இணைப்பாகக் காட்டும் ரயிலில் போகாமல், அதற்கு முந்தைய ஆர்இ ரயிலில் ஏறுங்கள். அது ஒரு மணி நேரத்துக்கு ஒன்று என்பதால் டிரெஸ்டனில் ஒரு மணி நேரம் உங்கள் கையில் இருக்கும்.

ஒரே இசி ரயிலுக்கு ஜெர்மன் ரயில்வேயும் செக் ரயில்வேயும் தனித்தனியே டிக்கெட் விற்கின்றன. விலை ஒன்றாக இருக்காது. இரண்டு தளங்களிலும் தேடுங்கள். செக் தளத்தில் மலிவாகக் கிடைப்பது அடிக்கடி நடக்கும். ஆனால் திருப்பிக் கொடுக்கும் விதிகள் விற்பவரைப் பொறுத்து மாறும். பணம் கட்டுவதற்கு முன் அதையும் படித்துவிடுங்கள். வெள்ளி மாலையிலும் ஞாயிறு மாலையிலும் இருக்கை முன்பதிவு செய்வது நல்லது, இல்லாவிட்டால் நடைபாதையில் நின்றுகொண்டு போக நேரும். போகும்போது ரயில் செல்லும் திசைக்கு இடப்பக்க ஜன்னலைக் கேளுங்கள். எல்பே ஆறும் மணற்கல் குன்றுகளும் அந்தப் பக்கம்தான்.

இன்னொன்று: டாய்ச்லாண்ட் டிக்கெட் பெயருக்கு உரியது, இன்னொருவரை உடன் அழைத்துப் போக முடியாது. பரிசோதகர் கேட்டால் புகைப்பட அடையாள அட்டையும் காட்ட வேண்டும். போனில் மட்டும் டிக்கெட் வைத்திருப்பவர்கள் பவர் பேங்க் கொண்டுபோங்கள். பேட்டரி தீர்ந்துவிட்டால் உங்களிடம் டிக்கெட் இல்லை என்றே கணக்கு.

கெம்னிட்ஸிலிருந்து ஒரு மாணவர்: என் ரெசிடென்ஸ் கார்டு காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறேன். வெளிநாட்டினர் அலுவலகம் ஒரு தற்காலிகச் சான்றிதழ் கொடுத்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பிராக் போகலாமா? எல்லையில் யாரும் பார்ப்பதில்லை என்கிறார்கள் நண்பர்கள்.

போகாதீர்கள். இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறோம்.

செல்லுபடியாகும் ஜெர்மன் ரெசிடென்ஸ் கார்டும் பாஸ்போர்ட்டும் இருந்தால், எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளில் (பொது எல்லை ஒப்பந்தத்தில் சேர்ந்த ஐரோப்பிய நாடுகள்) தனி விசா இல்லாமல் சுற்றலாம். புதிதாக வந்து இன்னும் கார்டு வாங்காதவர்களுக்கு, பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும், நீண்டகாலத் தங்கலுக்கான டி வகை விசா காலாவதியாகும் நாள் வரை அதே உரிமை உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கும் இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் இதில் வேறுபாடு இல்லை.

உங்கள் கையில் இருக்கும் தாளின் பெயர் ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங். அதன் உட்பக்கத்தில் ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் பிரிவு 81-இன் உட்பிரிவுகள் அச்சிட்டிருக்கும். உங்களுக்கு உரியதில் குறியிட்டிருப்பார்கள். காலாவதியாவதற்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்தவர்களுக்கு வழக்கமாக 4-ஆம் உட்பிரிவில் குறி இருக்கும். பழைய கார்டின் உரிமைகள் ஜெர்மனிக்குள் தொடர்கின்றன என்பது அதன் பொருள். ஜெர்மனிக்குத் திரும்பி வரவும் அது உதவும். ஆனால் இன்னொரு நாட்டுக் காவலர் அந்தத் தாளை அறியாமலோ ஏற்காமலோ போகலாம். அப்படிச் சிக்கிக்கொண்டால், புதுப்பிப்பு நிலுவையில் இருக்கும் நேரத்தில் உங்கள் பெயரில் ஒரு பதிவு விழக்கூடும். ஒரு வாரயிறுதிக்கு அது மிகப் பெரிய விலை.

யாரும் பார்ப்பதில்லை என்பதும் சரியல்ல. 2023 அக்டோபரிலிருந்து செக் எல்லையில் ஜெர்மனி சோதனை நடத்துகிறது. 2024 செப்டம்பரில் அதை எல்லா நில எல்லைகளுக்கும் விரிவாக்கியது. திரும்பி வரும் ரயிலிலும் பேருந்திலும் காவலர்கள் ஏறி ஒவ்வொருவராகப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கார்டு சரியாக இருப்பவர்களும் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுக் கார்டு மட்டும் கொண்டுபோகக் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் ஆவணம். போனில் இருக்கும் படமும் ஜெராக்ஸும் அதற்கு ஈடாகாது.

கார்டு கைக்கு வரும் வரை ஜெர்மனிக்குள்ளேயே ஊர் பாருங்கள். ஹாம்பர்க், பாம்பெர்க், வைமார், ரேகென்ஸ்பெர்க் எல்லாமே டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் போய்வரக்கூடியவை. பிராக் ஓடிவிடாது.

மாக்டெபுர்கிலிருந்து ஒரு மாணவி: இதே கார்டை வைத்து அடுத்து லண்டன் போகலாமா?

முடியாது. பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை. அவற்றுக்குத் தனித்தனியே விசா எடுக்க வேண்டும். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருக்கிறது, போகலாம். குரோவேஷியா 2023-இல் சேர்ந்தது. ருமேனியா, பல்கேரியா இரண்டுக்கும் 2025 ஜனவரி 1 முதல் நில எல்லையும் திறந்துவிட்டது.

ஃப்ரைபெர்கிலிருந்து: செக் நாட்டில் யூரோ இல்லை என்கிறார்கள். கையில் எவ்வளவு பணம் மாற்றிக்கொண்டு போக வேண்டும்?

ஜெர்மனியில் எதுவும் மாற்ற வேண்டாம். செக் நாணயம் கொருனா. ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 24, 25 கொருனா. மனக்கணக்குக்கு 100 கொருனா என்றால் நான்கு யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

பிராகில் கடை, உணவகம், டிராம் என்று எங்கும் கார்டைத் தொட்டே கட்டலாம். ரொக்கம் தேவைப்படுவது பொதுக் கழிப்பறைக்கும், சில சந்தைக் கடைகளுக்கும், பழைய மதுக்கூடங்களுக்கும்தான். நான்கு பேருக்கும் சேர்த்து 1000 கொருனா எடுத்தால் இரண்டு நாளுக்குத் தாராளம்.

பணம் போவது கட்டும் விதத்தில்தான். ஏடிஎம்மிலோ கடை மெஷினிலோ ஜெர்மன் கார்டைப் போட்டதும் திரை ஒரு கேள்வி கேட்கும்: யூரோவில் கழிக்கட்டுமா, கொருனாவில் கழிக்கட்டுமா? யூரோவைத் தொட்டால் மெஷின்காரர் தன் விருப்பத்துக்கு ஒரு மாற்று விகிதம் போட்டுக்கொள்வார். கொருனாவைத் தொட்டால் உங்கள் வங்கியின் விகிதம். எப்போதும் கொருனா. ஏடிஎம்மில் இந்தக் கேள்வி குழப்பமான சொற்களில் வரும்: மாற்றத்தை ஏற்கிறேன் என்ற பொத்தான் பெரிதாகவும், மறுக்கிறேன் என்பது ஓரத்தில் சிறிதாகவும் இருக்கும். மறுத்தாலும் பணம் வரும், பயப்பட வேண்டாம். சுற்றுலாத் தெருக்களில் தனியாக நிற்கும் மெஷின்களை விட்டுவிட்டு, வங்கிக் கிளையின் சுவரில் பதித்த ஏடிஎம்மில் எடுங்கள். வெளிநாட்டு நாணயத்துக்கு உங்கள் வங்கி ஒன்றிரண்டு சதவீதம் கட்டணம் பிடிக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். நால்வரில் கட்டணமில்லாத கார்டு வைத்திருப்பவர் எடுத்தால் போதும்.

நாணயம் மாற்றும் கடையில்தான் மாற்ற வேண்டும் என்றால், கமிஷன் இல்லை என்ற பலகையை நம்பாதீர்கள். லாபம் விகிதத்தில் ஒளிந்திருக்கும். 100 யூரோ கொடுத்தால் கையில் எத்தனை கொருனா என்று எழுதிக் காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு பணத்தை நீட்டுங்கள். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் வழி உண்டு: 2019 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் செக் சட்டப்படி, 1000 யூரோ மதிப்பு வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். அதற்கு ரசீது வேண்டும், கசக்கிப் போட்டுவிடாதீர்கள். தெருவில் வந்து நல்ல விகிதம் தருகிறேன் என்பவரிடம் மட்டும் நிற்கவே வேண்டாம். அவர் கொடுப்பது செல்லாத வேற்று நாட்டு நோட்டாக இருக்கும், ரத்து செய்ய ஆளும் இருக்க மாட்டார்.

டிரெஸ்டனிலிருந்து: வெள்ளி இரவு சேர்கிறோம், ஞாயிறு மாலை திரும்புகிறோம். எதை எந்த நாளில் பார்ப்பது?

இந்தக் கேள்வியை அதிகம் பேர் கேட்பதில்லை, கேட்டிருக்க வேண்டும். பிராகில் சனியும் ஞாயிறும் இடம் மாறினால் முக்கியமான இரண்டு இடங்களும் பூட்டிக் கிடக்கும்.

கோட்டைக்குள் இருக்கும் புனித விட்டஸ் பேராலயத்தில் ஞாயிறு காலை வழிபாடு. பார்வையாளருக்கு நண்பகல் 12 மணிக்குத்தான் திறப்பார்கள். யூத அருங்காட்சியகமோ சனிக்கிழமை முழுவதும் மூடியிருக்கும், அது ஓய்வுநாள். ஆகவே சனிக்கிழமை கோட்டை, ஞாயிற்றுக்கிழமை யூதர் குடியிருப்பு.

சனி காலை ஆறரை, ஏழு மணிக்குள் சார்லஸ் பாலத்தில் இருங்கள். நான்காம் சார்லஸ் மன்னர் 1357-இல் கட்டத் தொடங்கிய பாலம் அது. நீளம் 516 மீட்டர், இரு பக்கமும் சேர்த்து 30 சிலைகள். ஒன்பது மணிக்கு மேல் சிலையைப் பார்க்க முடியாது, முன்னால் போகிறவரின் முதுகைத்தான் பார்க்க முடியும். பாலத்தைக் கடந்து நேரே கோட்டைக்கு ஏறாதீர்கள். மாலோஸ்ட்ரான்ஸ்கா நிறுத்தத்தில் 22-ஆம் எண் டிராமைப் பிடித்துப் பிராஷ்ஸ்கீ ஹ்ராட் நிறுத்தத்தில் இறங்கினால் மேட்டின் மேலேயே இறங்கிவிடுவீர்கள். வாசலில் பைச் சோதனை உண்டு. வளாகத்துக்குள் நடக்கக் கட்டணம் இல்லை. பேராலயத்தின் உட்பகுதி, பழைய அரண்மனை, பொன் சந்து ஆகியவற்றுக்குத்தான் டிக்கெட். உள்ளிடங்கள் காலை 9 மணிக்குத் திறக்கும், அதற்குப் பத்து நிமிடம் முன்னால் வரிசையில் நில்லுங்கள். 26 வயது வரையிலான மாணவர்களுக்குச் சலுகை இருக்கிறது. பல்கலைக்கழக அட்டை ஜெர்மன் மொழியில் மட்டும் இருந்தால் ஐசிக் என்னும் சர்வதேச மாணவர் அட்டை கைகொடுக்கும். செக் உள்நாட்டு ரயில் சலுகைக்கும் அதுவே பயன்படும்.

பேராலயத்தை 1344-இல் தொடங்கி 1929-இல்தான் முடித்தார்கள். கிழக்குப் பாதியின் கல்லுக்கும் மேற்குப் பாதியின் கல்லுக்கும் இடையே ஐந்து நூற்றாண்டு வேறுபாடு. அதை மனத்தில் வைத்துக்கொண்டு சுவரை அண்ணாந்து பாருங்கள். பிறகு படிகளில் இறங்கி மாலா ஸ்ட்ரானா பகுதிக்கு வாருங்கள். ஏறுவது டிராமில், இறங்குவது காலில் என்ற இந்த ஒரு மாற்றம் மாலை வரை உங்கள் கால்களைக் காப்பாற்றும். அந்திக்கு லெட்னா பூங்கா: ஆறும் அதன் பாலங்களும் வரிசையாகத் தெரியும், கட்டணம் கிடையாது. அங்கே நிற்கும் பெரிய மெட்ரோனோம் (இசைத் தாளம் காட்டும் கருவி) 1991-இல் வைத்தது. 1962 வரை அதே பீடத்தில் ஸ்டாலின் சிலை இருந்தது.

ஞாயிறு காலை யூத அருங்காட்சியகம். ஒரே டிக்கெட்டில் பல கட்டடங்கள் அடக்கம். நேரம் குறைவென்றால் பின்காஸ் தொழுகைக்கூடத்தையும் பழைய கல்லறைத் தோட்டத்தையும் மட்டும் பாருங்கள். நாஜிகளால் கொல்லப்பட்ட, இன்றைய செக் பகுதிகளான போஹேமியா, மொராவியாவின் யூதர்கள் ஏறக்குறைய 80,000 பேரின் பெயர்கள் பின்காஸ் சுவர்களில் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. குழுவாகச் சிரித்துப் பேசிக்கொண்டு நுழையும் இடமல்ல அது. படம் எடுக்கலாமா என்று கேட்கவும் தேவையில்லை, போனைப் பையில் வைத்துவிடுங்கள்.

வெளியே வந்தால் பழைய நகரச் சதுக்கம் ஐந்து நிமிட நடை. 1410-இல் நிறுவிய வானியல் கடிகாரத்தில் காலை 9 முதல் இரவு 11 வரை மணிக்கொருமுறை திருத்தூதர் பொம்மைகள் வரும். ஒரு நிமிடம்கூட நீடிக்காது. அந்தக் கூட்டத்தில் எல்லோரும் மேலே பார்க்கும்போது பிக்பாக்கெட்காரர்கள் கீழே பார்ப்பார்கள். பையை முன்பக்கம் மாட்டுங்கள்.

விடுதியைக் காலி செய்த பிறகு மூட்டையைச் சுமக்காதீர்கள். பெரும்பாலான ஹாஸ்டல்களில் மாலை வரை வைத்துக்கொள்வார்கள். மத்திய ரயில் நிலையத்திலும் லாக்கர் உண்டு. திங்கட்கிழமைக்கான பால், ரொட்டி, காய்கறியைப் பிராகிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. செக் சூப்பர் மார்க்கெட்டுகள் சில அரசு விடுமுறைகள் தவிர ஞாயிறும் திறந்திருக்கும்.

திரும்பும் ரயிலை நாளின் கடைசி ரயிலாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அது டிரெஸ்டனுக்குத் தாமதமாக வந்தால், டிரெஸ்டனுக்கு வெளியே தங்கியிருக்கும் நண்பர்களின் கடைசி வட்டார ரயில் போயிருக்கும். கடைசிக்கு முந்தையது சரி.

லைப்ஸிகிலிருந்து ஒரு மாணவி: டிக்கெட் வாங்கியும் பிராக் மெட்ரோவில் அபராதம் போட்டார்கள் என்று தோழி சொன்னாள். எப்படி?

பெரும்பாலும் முத்திரை குத்தாததால். காகித டிக்கெட் வாங்கியதும் அது ஓடத் தொடங்குவதில்லை. மெட்ரோவில் இறங்கும் வழியில் இருக்கும் மஞ்சள் பெட்டியிலோ, டிராமுக்குள் இருக்கும் பெட்டியிலோ நுழைத்து நேரம் குத்திக்கொள்ள வேண்டும். ஒரே முறைதான், இரண்டாம் முறை குத்தினால் டிக்கெட் கெட்டுவிடும். மெட்ரோவில் தடுப்புக் கதவுகள் இல்லாததால் மறந்துபோவது மிக எளிது. பரிசோதகர்கள் படியின் அடியில் நிற்பார்கள், சுற்றுலாப் பயணி என்ற சலுகை கிடைக்காது.

பிராக் போக்குவரத்தின் பிஐடி லீடாச்கா செயலியில் வாங்குபவர்களுக்கு வேறு சிக்கல். இயக்கு என்று அழுத்திய பிறகு டிக்கெட் செல்லுபடியாகச் சிறிது நேரம் பிடிக்கும். பரிசோதகரைப் பார்த்துவிட்டு அழுத்தினால் பயன் இல்லை. வண்டி வருவதற்கு முன்பே அழுத்துங்கள்.

30 நிமிடம், 90 நிமிடம், 24 மணி, 72 மணி என்று டிக்கெட் வகைகள் உண்டு. வெள்ளி இரவு ஒரு 30 நிமிட டிக்கெட்டும் சனி காலை ஒரு 24 மணி டிக்கெட்டும் எடுத்தால், ஞாயிறு காலை அதே நேரம் வரை கவலை இல்லை. மெட்ரோ நள்ளிரவோடு நிற்கும். வெள்ளி, சனி இரவுகளில் ஒரு மணி நேரம் கூடுதல். பிறகு 90-களில் எண் கொண்ட இரவு டிராம்கள், லசார்ஸ்கா நிறுத்தத்தில் சந்திக்கும்.

சாலையைக் கடக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: கோடு போட்ட நடைபாதைக் கடப்பிலும் டிராமுக்குத்தான் முன்னுரிமை. கார் நிற்கும். டிராம் நிற்காது.

கோட்பூஸிலிருந்து: எங்களில் இருவர் சுத்த சைவம். பட்டினி கிடக்க நேருமா?

கிடக்க வேண்டாம், ஆனால் மெனுவைப் படிக்கத் தெரிய வேண்டும். பெஸ்மஸா யீட்லா என்ற தலைப்பு இறைச்சியில்லாத உணவுகளைக் குறிக்கும். அதற்குள்ளும் மீனோ முட்டையோ இருக்கலாம். ஹொவ்யெஸீ மாடு, வெப்ர்ஷொவே பன்றி, குர்ஷெட்ஸீ கோழி, ஷுன்கா பன்றித் தொடை, ஸ்லனினா உப்பிட்ட பன்றிக் கொழுப்பு. கடைசி இரண்டும்தான் சைவர்களை ஏமாற்றுபவை: உருளைக்கிழங்கு சூப்பிலும் சாலட்டிலும் சொல்லாமல் வந்து விழும். பூண்டு சூப் பல இடங்களில் இறைச்சிச் சாற்றில் செய்வது, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எங்கும் கிடைப்பது பாலாடைக்கட்டியை ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்த ஸ்மஷெனீ சீர். ஒருவேளைக்கு நன்றாக இருக்கும், இரண்டாம் வேளைக்குத் திகட்டும். எடை போட்டு விலை வாங்கும் சைவ பஃபே கடைகள் நகர மையத்தில் உண்டு. சோறு, பருப்பு, காய் என்று உங்கள் தட்டுக்கு நெருக்கமாக அமையும். வியட்நாமிய உணவகங்கள் ஊரெங்கும் இருக்கின்றன. டோஃபு இருக்கிறதே என்று நம்பிவிடாமல் மீன் சாஸ் வேண்டாம் என்று சொல்லுங்கள். வெள்ளி மாலைக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு போனால் ரயிலில் சாப்பிட்டுவிடலாம், மறுநாள் காலை வரையும் தாங்கும். தயிர்சாதம் வேண்டாம். சூடேற்றிய ரயில் பெட்டியில் புளித்துவிடும்.

மேசையில் கேட்காமல் வைக்கும் ரொட்டிக்கும் பில் போடும் இடங்கள் உண்டு. வேண்டாமென்றால் தொடாமல் திருப்பிக் கொடுங்கள்.

இல்மெனாவிலிருந்து: போன தடவை நண்பர்களோடு போய்வந்து செலவுக் கணக்கில் மனத்தாங்கல் ஆகிவிட்டது. இந்த முறை எப்படித் தவிர்ப்பது?

ஜெர்மனியில் விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் முடக்கக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ எடுத்து வாழும் ஒருவருக்கு 30 யூரோ வித்தியாசம் என்பது ஒரு வாரச் சமையல் செலவு. பகுதிநேர வேலை செய்யும் நண்பருக்கு அது பெரிதாகத் தெரியாது. மனத்தாங்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே ஊரைப் பேசுவதற்கு முன் தொகையைப் பேசுங்கள். ரயில், இரண்டு இரவு டார்மெட்ரி, சாப்பாடு, டிக்கெட் எல்லாம் சேர்த்து முன்கூட்டியே பதிவு செய்தால் தலைக்கு 150 யூரோ அளவில் திட்டமிடலாம். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை நாட்களில் படுக்கை விலை மட்டுமே அதைத் தாண்டக்கூடும். குழுவில் மிகக் குறைவாகச் செலவழிக்க முடிந்தவர் சொல்லும் தொகைதான் எல்லோருக்கும் வரம்பு.

ரயில் டிக்கெட்டை ஒவ்வொருவரும் தன் பெயரில் தானே எடுக்கட்டும். நான்கு பேரையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்தால் நால்வரும் சேர்ந்தேதான் போக வேண்டும், ஒருவர் விலகினால் அவர் பங்கை மட்டும் பிரிப்பது பெரும்பாடு. அறையை ஒருவர் பதிவு செய்யலாம். இலவசமாக ரத்து செய்யும் கடைசி நாளை எல்லோருக்கும் எழுதி அனுப்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு விலகுபவர் தன் பங்கைக் கொடுப்பார் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். நகர வரி ஒன்றைத் தலைக்கு, இரவுக்கு என்று விடுதியில் தனியாக வாங்குவார்கள், அதையும் சேருங்கள்.

செலவைப் பிரிக்கும் செயலியில் கொருனாவிலேயே பதியுங்கள், அதுவும் கடையை விட்டு வெளியேறும் முன். இரவில் நினைவிலிருந்து எழுதும் கணக்கு யாருக்கும் ஒப்பாது. குடிக்காதவர் பீருக்கும், சைவர் இறைச்சித் தட்டுக்கும் பங்கு கொடுக்கக் கூடாது. உணவகத்தில் தனித்தனியாகப் பில் கேட்டால் கொடுப்பார்கள். ஆர்டர் செய்யும்போதே சொல்லிவிட்டால் அவர்களுக்கும் எளிது.

மதுரையிலிருந்து ஒரு தாய்: என் மகள் தோழிகளோடு பிராக் போகிறாள். அங்கே உடம்பு சரியில்லாமல் போனால் ஜெர்மன் காப்பீடு செல்லுமா?

உங்கள் மகள் அரசு சார்ந்த பொதுக் காப்பீட்டில் இருந்தால் செல்லும். அவருடைய காப்பீட்டு அட்டையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பின்பக்கமே ஐரோப்பிய சுகாதாரக் காப்பீட்டு அட்டை. பெயர், பிறந்த நாள், காலாவதி நாள் அச்சிட்டிருந்தால் சரி. அந்தக் கட்டங்களில் நட்சத்திரக் குறிகள் மட்டும் இருந்தால் அந்த அட்டையை வெளிநாட்டில் காட்ட முடியாது, தற்காலிகச் சான்றிதழ் கிடைக்குமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்க வேண்டும். 30 வயதைத் தாண்டியவர்களும், மொழிப் படிப்பில் இருப்பவர்களும் பெரும்பாலும் தனியார் காப்பீட்டில் இருப்பார்கள். அவர்களுக்கு இந்த அட்டை கிடையாது. ஒப்பந்தத்தில் வெளிநாட்டுப் பகுதியைப் படிக்க வேண்டும்.

அட்டை செல்வது செக் பொதுக் காப்பீட்டோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைகளில். விடுதி வரவேற்பறையில் கேட்டால் ஆங்கிலம் பேசும் தனியார் மருத்துவமனைக்கு அனுப்பக்கூடும். அங்கே முழுப் பணமும் கையிலிருந்து. போகும் முன், ஒப்பந்த மருத்துவமனைதானா என்று கேட்பது முக்கியம். ஒப்பந்த மருத்துவமனையிலும் இரவு, விடுமுறை நேர அவசரப் பிரிவில் 90 கொருனா கட்டணம் உண்டு. ஊருக்கு ஆம்புலன்ஸில் கொண்டுவரும் செலவை இந்த அட்டை ஏற்காது. ஆண்டுக்கு ஒரு சிறு தொகையில் கிடைக்கும் பயண மருத்துவக் காப்பீடு அதை ஏற்கும். ஐரோப்பாவில் இருக்கும் காலம் முழுவதும் அதை வைத்திருப்பது நல்லது. இன்னொன்றையும் சொல்லிவையுங்கள்: ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு இந்த அட்டை டென்மார்க்கிலும் சுவிட்சர்லாந்திலும் செல்லாது. அடுத்த பயணம் அந்தப் பக்கம் என்றால் தனிக் காப்பீடு கட்டாயம் வேண்டும்.

அவசர எண் 112; செக் ஆம்புலன்ஸுக்கு நேரடி எண் 155. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஒவ்வாமை மாத்திரைகளை ஜெர்மனியிலிருந்தே எடுத்துப்போகட்டும், ஞாயிறு இரவில் மருந்துக்கடை தேடுவது கடினம். பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் கார்டு, காப்பீட்டு அட்டையின் இரு பக்கம், விடுதி முகவரி நான்கையும் படமெடுத்து உங்களுக்கு வெள்ளிக்கிழமையே அனுப்பச் சொல்லுங்கள். கைப்பை தொலைந்துபோனால், அடுத்த நாள் பெர்லினில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கோ பிராகில் உள்ள தூதரகத்துக்கோ அவர் அனுப்ப வேண்டிய முதல் தாள்கள் அவையாகத்தான் இருக்கும்.